கொரோனாவில் பிள்ளைகள் மொழியை மறந்தார்களா?

"ஆன்லைன் கிளாஸ்ல ரெண்டு வருஷம் போச்சு, கன்னடம் சுத்தமா மறந்துட்டான்." பெங்களூருவில் தமிழ்ப் பெற்றோர் நாலு பேர் கூடினால் இன்றும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. அல்சூரானாலும் ஸ்ரீராமபுரமானாலும் ஒயிட்ஃபீல்டு அடுக்ககமானாலும் வசனம் மாறுவதில்லை. அதே மூச்சில், "ஆனா இங்கிலீஷ் நல்லா வந்துடுச்சு, எல்லாம் யூடியூப் புண்ணியம்" என்பதும் உண்டு. பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் ஆசிரியை "லேர்னிங் லாஸ்" என்கிறார், எல்லாரும் தலையாட்டிவிட்டு வருகிறோம்.

எதை மறந்தான், எது அவனுக்கு வரவே இல்லை, எது உள்ளே இருந்தும் வாயில் வரவில்லை என்று யாரும் பிரித்துக் கேட்பதில்லை. பிரிக்காவிட்டால் டியூஷன் காசுதான் வீணாகும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

## நடந்தது என்ன?

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. கர்நாடகத்தில் 1 முதல் 5 வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 அக்டோபர் 25 அன்று. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை, வகுப்பறைக்குள் முதல்முறை உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பில் பாதி ஆண்டு போயிருந்தது. அப்புறம் 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்து பெங்களூருவில் இன்னும் சில வாரம் மூடினார்கள்.

இடையில் பல முயற்சிகள் நடந்தன. 2020 ஆகஸ்டில் 'வித்யாகம' என்ற திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கோயில் மண்டபம், மரத்தடி என்று பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பாடம் நடத்தினார்கள். தொற்று பயத்தில் அக்டோபரில் அது நிறுத்தப்பட்டது. தூர்தர்ஷனின் சந்தனா சேனலில் பாடங்கள் ஓடின. தனியார் பள்ளிகளுக்கு ஜூம் இருந்தது, கூகுள் மீட் இருந்தது.

விளைவை அளந்தவர்களில் பெங்களூருவின் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும் ஒன்று. 2021 ஜனவரியில் கர்நாடகம் உட்பட 5 மாநிலங்களில், 1,137 அரசுப் பள்ளிகளில், 2 முதல் 6 வரை படித்த 16,067 பிள்ளைகளைச் சோதித்தார்கள். முந்தைய ஆண்டு கைவந்திருந்த மொழித் திறன்களில் ஒன்றையாவது 92 சதவீதம் பேர் இழந்திருந்தார்கள். கணக்கில் இதே இழப்பு 82 சதவீதம். கணக்கைவிட மொழியில் அடி பலமாக விழுந்ததற்கு ஒரு காரணம், அவர்கள் எதையெல்லாம் மொழித் திறன் என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதில் இருக்கலாம். படத்தைப் பார்த்து வாயால் விவரிப்பது, தெரிந்த சொல்லைப் படிப்பது, படித்ததைப் புரிந்துகொள்வது, படத்தைப் பார்த்து எளிய வாக்கியம் எழுதுவது. இவற்றில் முதலாவதைக் கவனியுங்கள். வாயால் சொல்வது. அதற்குக் கேட்கிற ஆள் வேண்டும்.

'லேர்னிங் லாஸ்', அதாவது கற்றல் இழப்பு என்ற சொல் இப்படி ஒரு பிள்ளை முன்பு செய்ய முடிந்த ஒன்றை இப்போது செய்ய முடியாமல் போவதைக் குறிக்கிறது. ஏன் முடியவில்லை என்பதை அது சொல்லாது.

## ஓடாத கைப்பம்பு

தெருமுனைக் கைப்பம்பை ரொம்ப நாள் அடிக்காமல் விட்டால் என்ன ஆகும்? நாலு முறை அடித்தாலும் 'கிரீச்' என்று சத்தம்தான் வரும். உள்ளே வாஷர் காய்ந்து, இடைவெளியில் காற்றுப் புகுந்திருக்கும். ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றி அடித்தால் வாஷர் நனைந்து பிடித்துக்கொள்ளும், தண்ணீர் மேலே ஏறிவிடும். ஆக, தண்ணீர் கீழே இருந்தது. சில பம்புக்கு அது போதாது. கோடையில் நீர்மட்டம் இறங்கியிருக்கும், குழாயை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். வேறு சில இடங்களில் துளையே போடாமல் பம்பை மட்டும் நட்டுவைத்திருப்பார்கள். அங்கே எத்தனை சொம்பு ஊற்றி என்ன பயன்?

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மூன்றும் ஒன்றுதான், தண்ணீர் வரவில்லை. மொழியிலும் அப்படியே.

முதல் வகையில் மொழி உள்ளே இருக்கிறது, நேரத்துக்கு வாயில் வருவதில்லை. தெரிந்ததை வேண்டிய நொடியில் வெளியே எடுக்கும் வேலைக்கு மீட்டெடுத்தல் என்று பெயர். புழக்கம் நின்றால் முதலில் மந்தமாவது இதுதான். கன்னடத்தில் கேட்டால் புரிந்துகொண்டு தமிழிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்லும் பிள்ளை இந்த வகை. இரண்டாம் வகையில் நிஜமாகவே தேய்ந்திருக்கிறது. மூன்றாம் வகையில் அந்தப் பாடம் நடக்க வேண்டிய மாதங்களே நடக்கவில்லை. ஆகவே மறப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

இரண்டாம் வகையைப் பற்றி ஒரு நல்ல செய்தி 1885-லேயே கிடைத்துவிட்டது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் அறிஞர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறக்கவிட்டு, மறுபடி படித்துப் பார்த்தார். நினைவுக்கு வராதவை என்று தோன்றியவற்றையும் இரண்டாம் முறை படிக்கக் குறைந்த நேரமே ஆனது. தடம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. இதைவிட வியப்பான சோதனை ஒன்று 2014-ல் வெளியானது. சீனாவில் பிறந்து, ஒரு வயதை ஒட்டிய பருவத்தில் தத்தெடுக்கப்பட்டு, கனடாவின் மான்ட்ரியல் நகரில் பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமிகள். அவர்களுக்குச் சீனம் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் சீன மொழியின் ஏற்ற இறக்க ஒலிகளைக் கேட்கவைத்தபோது, அவர்கள் மூளை சீனம் பேசுகிறவர்களின் மூளையைப் போலவே வேலை செய்தது.

அதற்காகச் சின்னப் பிள்ளைக்கு எதுவும் ஆகாது என்று அர்த்தமில்லை. வளர்ந்தவர் பத்து ஆண்டு பேசாமல் விட்டாலும் தாய்மொழி பெரும்பாலும் நிற்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பிடிமானம் இன்னும் வரவில்லை, புழக்கம் அறுந்தால் வேகமாகவே தேயும்.

சுருக்கமாக: 'மறந்துட்டான்' என்ற ஒரே புகாருக்குள் மூன்று நிலைகள் உண்டு. வாயில் வராதது, தேய்ந்தது, கற்கவே கற்காதது. முதல் இரண்டும் முயன்றால் திரும்பும், மூன்றாவதைப் புதிதாகத்தான் கற்க வேண்டும்.

## காது நிறையக் கேட்டால் வந்துவிடுமா?

குழந்தைகள் மொழியைத் தானாக உறிஞ்சிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பாதி சரி. எதை உறிஞ்சுகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம்.

அமெரிக்காவின் சியாட்டிலில் பட்ரீசியா கூல் குழுவினர் 2003-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளிலிருந்து 9 மாதக் குழந்தைகள். ஒரு பிரிவுக்குச் சீனம் பேசுகிறவர் எதிரே உட்கார்ந்து, பொம்மை காட்டி, கதை படித்தார். 12 அமர்வுகள். இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். வீடியோ பார்த்தவர்கள் எதுவும் கற்கவில்லை.

உடனே "பார்த்தீர்களா, செல்போன்தான் கெடுத்தது" என்று கிளம்பிவிடக் கூடாது. 2014-ல் இன்னொரு ஆய்வு, இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளிடம் நடந்தது. புதிய வினைச்சொற்களை ஒரு பிரிவுக்கு நேரில் சொல்லிக் கொடுத்தார்கள், ஒரு பிரிவுக்கு வீடியோ அழைப்பில், ஒரு பிரிவுக்குப் பதிவு செய்த வீடியோவில். பதிவில் பார்த்தவர்கள் கற்கவில்லை. வீடியோ அழைப்பில் பேசியவர்கள், நேரில் பேசியவர்களைப் போலவே கற்றார்கள். இங்கேயும் திரை இருக்கிறது, அங்கேயும் திரை இருக்கிறது. பிள்ளை சிரித்தால் சிரித்து, கேட்டால் உடனே பதில் சொல்கிற ஆள் அழைப்பில் இருந்தார், பதிவில் இல்லை.

ஆக மொழி ஒட்டுவதற்கு வெறும் ஒலி போதாது, பதில் வேண்டும். பிள்ளை ஏதோ உளறுகிறது. அம்மா அதற்கு ஒரு பதில் சொல்கிறாள். அதை வைத்துப் பிள்ளை அடுத்ததைச் சொல்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் மிக வேகமானது. 10 மொழிகளில் இயல்பான உரையாடல்களை அளந்த ஒரு 2009 ஆய்வில், ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிநொடி அளவில்தான் இருந்தது, கண் இமைக்கும் நேரம். உடனுக்குடன் பதில் வந்தால் அது தனக்கான பதில் என்று பிள்ளைக்குத் தெரிகிறது. நெட்வொர்க் ஒரு நொடி தள்ளாடினாலும் இந்தத் தாளம் போய்விடும்.

அப்படியானால் யூடியூப்பில் இங்கிலீஷ் எப்படி வந்தது? வந்தது உண்மைதான், எட்டு வயதுப் பிள்ளைக்கு. ஏற்கெனவே ஒரு மொழி கையில் இருந்து, பள்ளியில் ஆங்கிலம் அடித்தளமும் போட்டிருந்தால், வீடியோவிலிருந்து சொற்களும் உச்சரிப்பும் ஏறும். அப்படி ஏறுவது பெரும்பாலும் ஏற்புத்திறன், அதாவது கேட்டும் படித்தும் புரிந்துகொள்ளும் பக்கம். தானே பேசி, எழுதிக் காட்டும் பக்கத்துக்கு வெளிப்பாட்டுத்திறன் என்று பெயர். ஒன்று வளர்ந்தால் மற்றது கூடவே வளரும் என்ற உத்தரவாதம் இல்லை. கனடாவில் ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சிலேயே நடத்தும் பள்ளிகள் உண்டு. ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்ட அந்தப் பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள், ஆனால் பேச்சும் இலக்கணமும் பின்தங்கின. வகுப்பில் ஆசிரியர் பேசப் பேச அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நீளமாகப் பேச வாய்ப்புக் குறைவு என்று மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வெயின் 1985-ல் எழுதினார்.

## மியூட்டில் ஒரு கன்னட வகுப்பு

இப்போது 2020-ன் ஒரு கன்னட வகுப்பை நினைத்துப் பாருங்கள். கர்நாடகத்தில் 2015-ல் வந்த சட்டப்படி 2017-18 முதல் எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கட்டாயம் ஆகிவந்தது. எனவே தமிழ் வீட்டுப் பிள்ளைக்கும் அந்த வகுப்பு உண்டு. திரையில் நாற்பது சின்னக் கட்டங்கள், எல்லாம் மியூட். ஆசிரியை வாசிக்கிறார், "எல்லரூ ஹேளி" (எல்லாரும் சொல்லுங்கள்) என்கிறார். நாற்பது வாய் அசைகிறது. அவர் காதில் ஒன்றும் விழாது. வகுப்பறையில் சேர்ந்து சொல்லும்போது ஒருவன் தப்பாகச் சொன்னாலும் பக்கத்தில் இருப்பவன் குரல் அவனைத் திருத்தும். ஜூமில் அதுவும் போச்சு.

ஒலியிலும் சிக்கல். கன்னடத்தில் மூச்சு சேர்ந்து வரும் மஹாப்ராண எழுத்துகள் உண்டு, தமிழ்ப் பிள்ளைக்கு அவை புதிது. மலிவு செல்போன் ஸ்பீக்கரில் அந்த மூச்சு வித்தியாசம் தேய்ந்துதான் கேட்கும். 

எழுத்தில் இன்னும் மோசம். தமிழில் 'அக்கா' என்றால் புள்ளி வைத்து அடுத்தடுத்து எழுதிவிடுகிறோம். கன்னடத்தில் இரண்டாவது மெய், முதல் எழுத்தின் காலடியில் ஒத்தக்ஷரமாகத் தொங்கும். சில எழுத்துகளுக்கு அந்தத் தொங்கும் வடிவமே வேறு. 'சூர்ய' என்பதில் உச்சரிப்பில் முந்தி வரும் ரகர ஒலிக்கான அர்க்காவொத்து, எழுத்தில் பிந்தி வலப்பக்கம் உட்காரும். நேர் வகுப்பில் ஆசிரியை பிள்ளையின் கையைப் பிடித்து எழுதவைப்பார். ஊரடங்கில் என்ன நடந்தது? அம்மா நோட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். கீழே தொங்கும் ஒத்து, நோட்டின் கோட்டோடு ஒட்டிப்போய் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் பொம்மை வரும். ஆசிரியையைக் குறை சொல்ல முடியாது, அவர் செல்போனில் அப்படி நூற்றுக்கணக்கில் படங்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒத்தக்ஷரம் மறக்கவில்லை. சரியாகக் கற்றுக்கொடுக்கப்படவே இல்லை. மூன்றாம் வகை.

இதுவரை: மொழி பதிலில் ஒட்டுகிறது. பெருந்தொற்று கேட்பதை நிறுத்தவில்லை, பதில் வருவதைத்தான் பெருமளவு நிறுத்தியது.

## தெருக் கன்னடமும் பரீட்சைக் கன்னடமும்

இன்னொரு குழப்பம் இங்கே இருக்கிறது. "கீழே பசங்களோட நல்லா கன்னடம் பேசுவானே, பரீட்சையில ஏன் மார்க் வரல?" என்று கேட்பார்கள்.

கனடா பேராசிரியர் ஜிம் கம்மின்ஸ் 1979-ல் ஒரு பிரிவினை சொன்னார். அன்றாடப் பேச்சுக்கான மொழி ஒன்று, அதைப் பேச்சுமொழித் திறன் என்று வைத்துக்கொள்வோம். பாடத்தைப் புரிந்துகொண்டு விளக்குவதற்கான மொழி இன்னொன்று, அது பாடமொழித் திறன். புதிய மொழிச் சூழலுக்கு வந்த பிள்ளைக்கு முதலாவது ஒன்றிரண்டு ஆண்டில் வந்துவிடும். இரண்டாவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம் என்றார்.

"அங்கிள், பால் கொடி" என்று அடுத்த வீட்டு வாசலில் நின்று பந்தைக் கேட்பதற்கு முகம் உதவுகிறது, விரல் உதவுகிறது, பந்தே உதவுகிறது. "பிட்ட ஸ்தள தும்பிரி" (கோடிட்ட இடத்தை நிரப்புக), "ஸ்வந்த வாக்யதல்லி பரெயிரி" (சொந்த வாக்கியத்தில் எழுதுக) என்று வினாத்தாள் சொல்லும்போது எதுவும் உதவாது, சொல் மட்டும்தான். முன்னது தெருவில் வளர்கிறது, பின்னது வகுப்பில். ஊரடங்கில் தெருவும் மூடியது, வகுப்பும் மூடியது. வீட்டில் தமிழ், திரையில் ஆங்கிலமும் இந்தியும். கன்னடத்துக்கு மட்டும் இரண்டு வாசலும் ஒரே சமயத்தில் அடைபட்டன. இங்கே கன்னடம் வீட்டுமொழியாக இருக்கும் பிள்ளைக்கு இந்த அடி இவ்வளவு பலமாக விழவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதனால் இருவரையும் ஒரே தேர்வால் அளந்து 'பின்தங்கியவன்' என்று ஒருவனுக்கு முத்திரை குத்துவது அநியாயம்.

மறுபக்கம், வீட்டில் தாத்தா பாட்டியோடு அடைந்து கிடந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச்சு கூடியது. அதைச் சிலர் கன்னடத்துக்கு இடைஞ்சல் என்று நினைக்கிறார்கள். இல்லை. ஒரு மொழியில் கதையைக் கோவையாகச் சொல்லத் தெரிந்தால் அந்தக் கோவை அடுத்த மொழிக்கும் போய்ச்சேரும், சொற்களைத்தான் புதிதாகச் சேர்க்க வேண்டும். இதையும் சொன்னவர் கம்மின்ஸ்தான். ஊரடங்கு நடுவே, 2020 ஜூலை 29 அன்று, வந்த தேசியக் கல்விக் கொள்கையும் முடிந்தவரை 5-ஆம் வகுப்பு வரையாவது தாய்மொழியில் கற்பிக்கச் சொன்னது. ஒரே வகுப்பில் தமிழ், தெலுங்கு, உருது, கன்னடம் என்று நாலு தாய்மொழி உட்கார்ந்திருக்கும் சிவாஜி நகர் பள்ளியில் அதை எப்படிச் செய்வது என்பது வேறு பேச்சு.

## பன்முகக் கல்வி என்றால் வேட்டி கட்டும் நாளா?

பல பண்பாட்டுப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் இடத்தில், அவர்கள் கொண்டுவரும் மொழியையும் பழக்கத்தையும் பாடத்துக்குள்ளேயே சேர்த்து, எல்லாருக்கும் சமமாக நடத்துவதற்குப் பன்முகக் கல்வி என்று பெயர். நம் பள்ளிகளில் அது பெரும்பாலும் நவம்பர் 1, கர்நாடகம் உருவான நாளான ராஜ்யோத்சவத்துக்கு ஒரு பாட்டு, பொங்கலுக்கு ஒரு வேட்டி, அத்தோடு சரி. இந்தத் துறையின் முன்னோடியான ஜேம்ஸ் பேங்க்ஸ் பட்டியலிட்ட ஐந்து கூறுகளில் பாடத்தில் பண்பாட்டைச் சேர்ப்பது ஒன்று மட்டுமே. தப்பெண்ணத்தைக் குறைப்பது, எல்லாப் பிள்ளைக்கும் எட்டும்படி கற்பிப்பது ஆகியவையும் அதில் உண்டு.

தப்பெண்ணம் எப்படிக் குறையும் என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-ல் சொன்ன விடை இன்றும் நிற்கிறது. வெறுமனே பக்கத்தில் இருந்தால் போதாது. சம நிலையில், ஒரு பொது வேலையில், ஒத்துழைத்து, மேலே இருப்பவர் ஆதரவோடு பழக வேண்டும். ஒரே டீமில் கிரிக்கெட் ஆடுவதும், ஒரே டிபன் பாக்ஸில் ராகி முத்தெயும் புளியோதரையும் மாற்றிக்கொள்வதும் இந்த நிபந்தனைகளை யாரும் திட்டமிடாமலே நிறைவேற்றிவந்தன. ஊரடங்கில் விழாக்கள் ஜூமுக்குப் போயின, இவை போக வழியில்லை. அதே சமயம் பயம் மட்டும் ஊர் சுற்றியது. 2020 மார்ச்சில் வடகிழக்கு மாநிலத்தவரைக் கொரோனாவோடு சேர்த்துத் துன்புறுத்துவதைத் தடுக்கும்படி உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுத வேண்டியிருந்தது. பிற பண்பாட்டைப் பற்றிப் படத்தில் படிப்பதும், அந்தப் பண்பாட்டுப் பிள்ளையோடு சண்டை போட்டுச் சமாதானம் ஆவதும் ஒன்றில்லை.

## உங்கள் பிள்ளை எந்த வகை?

கண்டுபிடிப்பது கடினமில்லை, சோதனைத்தாளும் வேண்டாம். பக்கத்து வீட்டுக் கன்னட ஆன்ட்டி ஒரு கதையைக் கன்னடத்தில் சொல்லட்டும். பிள்ளை சரியான இடத்தில் சிரித்தால் புரிதல் இருக்கிறது, பேச்சுதான் அடைத்திருக்கிறது. அவனுக்கு இலக்கண டியூஷன் வேண்டாம், கன்னடத்தில் பேசியே ஆக வேண்டிய ஒரு நண்பன் போதும். புரிதலும் குறைந்து, ஆனால் பழைய பாடப் புத்தகத்தைத் திறந்ததும் இரண்டு மூன்று வாரத்தில் வேகம் பிடித்தால், தேய்ந்தது திரும்புகிறது. அப்போதும் வேகம் பிடிக்காமல், எழுத்துக் கூட்டும்போதே தடுக்கினால், அது ஊரடங்கில் தவறவிட்ட அடிப்படை. இப்போது எந்த வகுப்பில் இருந்தாலும் ஒத்தக்ஷரத்தில் இருந்து தொடங்கத்தான் வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளையை இரண்டாம் வகுப்புப் புத்தகம் படிக்கச் சொன்னால் மானம் போகிறது என்று அழும். அதனால் புத்தகத்தின் அட்டையை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் கொடுக்கும் ஆசிரியைகளைப் பார்த்திருக்கிறேன், நல்ல உபாயம்.

டியூஷன் சேர்க்கிறவர்கள் கட்டணத்தைக் கேட்பதற்கு முன் இன்னொன்றையும் கேட்கலாம்: ஒரு மணி நேரத்தில் என் பிள்ளை வாய் திறந்து பேசுவது எத்தனை நிமிடம்? பத்து நிமிடம்கூடத் தேறாத இடமென்றால் வீட்டில் சந்தனா சேனலைப் போட்டுவிடலாம், இலவசம்.